சவரிராஜ் மஞ்சளாக்கிய கம்பளி

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிற எனக்கு தினமும் நாலைந்து புளுகாவது காதில் விழும். ஆனால் சவரிராஜின் புளுகுக்கு முன்னால் மற்றதெல்லாம் சத்தியவாக்கு. அன்றைக்கு அவன் ஒரு துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரகதக்காவின் டீக்கடைக்குள் நுழைந்தான். பையின் வாயை இறுக்கிக் கட்டியிருந்தான். தன் வாயைக் கட்டத்தான் அவனுக்குத் தெரியாது.

பையில் இருந்தது அக்காவின் கம்பளி நூல். மகள் முதல் தடவையாகக் கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். மார்கழிக் குளிர். பேத்திக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு போர்வை பின்ன வேண்டும் என்பது அக்காவின் ஆசை. கடைச் சாயம் குழந்தைக்கு ஆகாது என்று, மஞ்சளும் வெங்காயத் தோலும் போட்டுச் சாயமேற்றச் சொல்லி வெள்ளை நூலை இவனிடம் கொடுத்திருந்தாள். கூலியாக முன்கூட்டியே ஒரு வெள்ளை ஸ்வெட்டரும் பின்னிக் கொடுத்துவிட்டாள். கூலி மட்டும் கச்சிதமாக அவன் உடம்பில் இருந்தது.

"நூல் எங்க சவரி?" என்றாள் அக்கா.

"அதச் சொல்லத்தானக்கா வந்தேன். மஞ்சக் கிழங்க இடிச்சு, வெங்காயத் தோலப் போட்டு, படிகாரத்தக் கரைச்சு அடுப்புல ஏத்தினேன். பானையத் திறந்தேன் பாருங்க, அடிச்ச வெளிச்சத்துல பொழுது விடிஞ்சிருச்சுன்னு பக்கத்து வீட்டுச் சேவல் கூவிருச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு!"

"அந்தச் சேவலுக்கும் உன்ன மாதிரியே வேலவெட்டி இல்லபோல" என்றேன் நான்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நூலக் கொடியில காயப் போட்டேன். மூடுபனி அது வழியா நுழைஞ்சு மஞ்சளா வெளிய போச்சு. கீழ இருந்த கோஸ் தோட்டம் பூரா மஞ்சளாயிருச்சு."

பெஞ்சில் இருந்த போஜன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "கீழ இருக்கிறது என் தோட்டம். காலையில பார்த்துட்டுத்தான் வர்றேன். பச்சையாத்தான் இருக்கு."

"நான்தானப்பா உனக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு ராவோட ராவா கீரைச் சாறு தெளிச்சுப் பச்சையாக்கினேன்! நன்றி வேண்டாம், விடு."

போஜன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அப்புறம் ஒரு காட்டெருமை வந்து கொடியில முதுகத் தேய்ச்சுச்சு. உடம்பெல்லாம் மஞ்சள். நான் சும்மா இருப்பனா? துருப்பிடிச்ச ஆணி ஊறின தண்ணியத் தொட்டு, அது மேல கறுப்புக் கோடு இழுத்துட்டேன். இப்ப காட்டுல இருக்கிற புலியெல்லாம் அதுக்கு வழி விட்டு ஒதுங்கி நிக்குது."

"சவரி, நூல்" என்றாள் அக்கா. குரலில் சூடு ஏறியிருந்தது. புளுகன் அதைக் கவனித்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான்.

"அவசரப்படாதீங்கக்கா, முக்கியமானதே இனிமேதான். அந்த நூல ஒரு நிமிஷம் கழுத்துல சுத்திப் பார்த்தேன். அவ்வளவுதான், அன்னையிலிருந்து எனக்குக் குளிரே தெரியறதில்ல. பச்சத் தண்ணியிலதான் குளிக்கிறேன். நான் நடந்தா புல்லு மேல இருக்கிற உறைபனி உருகி ஓடுது. இப்பக்கூட வேர்க்குது. இந்த ஸ்வெட்டர்கூட நீங்க பின்னினதாச்சேன்னு ஒரு மரியாதைக்குத்தான் மாட்டியிருக்கேன்."

அக்கா அவன் கக்கத்திலிருந்து பையைப் பிடுங்கி அவிழ்த்தாள். உள்ளே ஒரு தேங்காய் அளவுக்கு மஞ்சள் கட்டி. நுனியும் இல்லை, இழையும் இல்லை. தட்டினால் கட்டைபோல இறுகிக் கிடந்தது.

"வெதுவெதுப்பான தண்ணியில போட்டுத் தொடாம விடுன்னுதான சொன்னேன்? தளதளன்னு கொதிக்க விட்டுக் கரண்டியால கிண்டினியா?"

"அடிப்பிடிச்சிரும்ல?" என்றான் சவரிராஜ்.

சாம்பாருக்கும் கம்பளிக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் பேத்தியின் போர்வையைக் கொடுத்திருக்கிறாள். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவனோ கொஞ்சமும் அசராமல், "சின்னதாத்தான் ஆயிருச்சு. குழந்தையும் சின்னதுதானக்கா?" என்றான்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்வெட்டரக் கழட்டு."

"அக்கா?"

"குளிரே தெரியலேன்னியே. வேர்க்குதுன்னியே. கழட்டு."

அவன் எங்களைப் பார்த்தான். "ஆமா, வேர்க்குதுன்னு சொன்னான். நானும் கேட்டேன்" என்றான் போஜன். வேறு வழியில்லாமல் சவரி கழற்றினான். அக்கா ஸ்வெட்டரின் கழுத்துப் பக்கம் ஒரு முடிச்சைக் கடித்து நூலை இழுத்தாள். வெள்ளை இழை சரசரவென்று பிரிந்து வந்தது. போஜன் எழுந்துபோய் இரண்டு கையையும் நீட்ட, அவன் கையிலேயே சுற்ற ஆரம்பித்தாள். போர்வை வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இருக்கும்.

வெளியே மூடுபனி இறங்கியது. அது மஞ்சளாக இல்லை. மெல்லிய சட்டையோடு நின்ற சவரிராஜுக்குப் பல் கிட்டியது.

"அக்கா... சூடா ஒரு டீ..."

அக்கா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேர்க்கிறவனுக்கு டீ எதுக்கு? பானையில பச்சத் தண்ணி இருக்கு, மோந்து குடி."