விகடர் குதிரை ஏறிய கதை

மருதவள நாட்டு ராஜா சேந்தனாருக்குக் கோபம் வந்தால் அரண்மனைப் பூனைகூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். அன்றைக்கு அந்தக் கோபத்தைக் கிளப்பியது பள்ளிக்கூடம்.

ஆதிமூல வாத்தியார் பிள்ளைகளை வயது பார்த்து உட்காரவைக்க மாட்டார். எழுத்து வராதவன் மணலில் எழுத வேண்டும், வந்தவன் ஓலைக்குப் போகலாம். இளவரசன் குமரவேளுக்கு வயது பன்னிரண்டு. குதிரைமேல் புலி, எழுத்தில் எலி. ஆகவே ஐந்து வயதுப் பொடிசுகளோடு மணலில் உட்கார்ந்திருந்தான். அன்றுதான் முதல் தடவையாகத் தன் பெயரைத் தப்பில்லாமல் எழுதியிருந்தான். பார்க்க வந்த ராஜாவின் கண்ணில் பொடிசுகள்தான் பட்டார்கள்.

"என் மகனுக்கா இந்த அவமானம்! இந்த நிமிஷம் முதல் என் நாட்டில் எந்தப் பாடமும் வயதுப்படிதான். வாத்தியார் நாளைக் காலை நாட்டை விட்டுப் போகட்டும்!"

சபை விகடர் பொன்னரங்கம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் நல்ல மனுஷர். ஆனால் கோபத்தில் இருக்கும் ராஜாவிடம் நியாயம் பேச யாருக்குத் துணிச்சல்? 'நம்மிடம் இருக்கிற ஒரே சொத்து அசட்டுத்தனம். அதைத்தான் எடுத்து வீச வேண்டும்' என்று முடிவு செய்தார்.

சாயங்காலம் குதிரைப்படைப் பயிற்சியைப் பார்க்க ராஜா மைதானத்துக்கு வந்தார். முன்வரிசையில், தளபதிக்குப் பக்கத்தில், ஒரு முரட்டுக் கறுப்புக் குதிரை. அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு பொன்னரங்கம்! குதிரையைக் கண்டாலே பத்தடி தள்ளி நின்று கும்பிடு போடுகிறவர் அவர். தொப்பையோடு அவரைத் தூக்கி ஏற்றிய லாயக்காரர்கள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஓய்! அங்கே என்ன செய்கிறீர்?"

"பாடம் படிக்கிறேன், மகாராஜா. தளபதியும் நானும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அவர் தாண்டுகிற வேலியை நானும் தாண்ட வேண்டுமாம். தங்கள் உத்தரவு."

"கழுத்து முறிந்து சாவீர்! இறங்கும் கீழே!"

"இறங்கத் தெரியாதே, மகாராஜா! அது சின்னப் பிள்ளைகள் பாடமாம். என் வயதுக்காரனுக்குச் சொல்லித்தர மாட்டார்களாம்!"

குதிரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. விகடர் வைக்கோல் குவியலில் தலைகுப்புற விழுந்தார். மைதானமே சிரித்தது.

தலையில் வைக்கோலோடு எழுந்தார் பொன்னரங்கம். "நான் விழுந்தது எல்லோருக்கும் தெரிந்தது. வயதுப்படி உட்காரவைத்தால் இளவரசர் புரியாத பாடத்தில் தினமும் விழுவார், மகாராஜா. அது யாருக்கும் தெரியாது."

ராஜாவின் சிரிப்பு நின்றது. மகனை நினைத்து மனசு வலித்தது.

"வாத்தியார் இருக்கட்டும்" என்றார். "இனி எல்லாப் பாடமும் அவரவர் திறமைப்படிதான். உமக்கு இந்தக் கறுப்புக் குதிரை பரிசு. நாளையிலிருந்து சவாரி பழகும்!"

மறுநாள் ராஜாவே விகடரைச் சின்னப் பிள்ளைகளின் சவாரி வகுப்புக்கு இழுத்துவந்தார். மட்டக்குதிரைகள்மேல் ஆறு வயதுக் குழந்தைகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லித்தருகிற சட்டாம்பிள்ளை இளவரசன்தான்.

அவன் பொன்னரங்கத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

"மன்னிக்கணும் ஐயா, உங்களை இந்த வகுப்பில் சேர்க்க முடியாது. இவர்களுக்கு ஏறி இறங்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு மரக்குதிரையைத் தூக்கிவந்து வைத்தான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொன்னரங்கம் பத்தடி தள்ளி நின்று மரக்குதிரையை உற்றுப் பார்த்தார்.

"இளவரசே, இது உதைக்காதே?"