புங்க இலையை யார் அள்ளுவது?

நியாயம் சொல்லப் பழகியவர்கள்கூட அவசரப்படாமல் கேட்க வேண்டிய வழக்கு இது. கேட்டுக்கொண்டே வாருங்கள், ஓரிடத்தில் நான் நிறுத்துவேன். தீர்ப்பை அங்கே நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லுக்கு வெளியே பைபாஸ் சாலையை ஒட்டி ஒரு குடியிருப்பு. அங்கே அடுத்தடுத்த மனைகளில் செண்பகவல்லியும் கோதண்டமும் வீடு கட்டிக் குடிவந்தார்கள். செண்பகவல்லிக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. அவள் கணவன் தனபால் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவன், பகலில்தான் தூங்குவான். அவன் படுக்கிற அறை மேற்குப் பார்த்தது. மத்தியானம் தாண்டினால் சுவரில் கை வைக்க முடியாது. அதற்காகவே, இரண்டு மனைக்கும் நடுவில் இருந்த கம்பிவேலியை ஒட்டி, தன் பக்கமாக ஒரு புங்கங்கன்றை நட்டாள். மூன்றே வருடத்தில் அறைக்கு நிழல் வந்தது. கோதண்டத்தின் கோபமும் கூடவே வந்தது.

கோதண்டம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமோ தப்பு இருக்கும் என்று தேடியே பழகிய கண். பங்குனியில் புங்கமரம் இலை கொட்டும்போது, விழுந்ததை எண்ணி வைத்திருப்பவர் போல வேலியருகே நிற்பார்.

"மேடம், உங்க மரம், உங்க குப்பை. வந்து அள்ளிட்டுப் போங்க."

அவளும் போய் அள்ளினாள். அது போதவில்லை அவருக்கு. குடியிருப்போர் சங்கத்தின் மினிட் புத்தகத்தில், 'மரம் யாருடையதோ, அதன் இலையும் சருகும் அவருடையதே. எந்தப் பக்கம் விழுந்தாலும் அவரே அள்ள வேண்டும்' என்று தன் கையாலேயே எழுதி, தானும் கையெழுத்திட்டு அவளிடமும் வாங்கினார்.

அன்றிலிருந்து ஆறு வருடம் அவர் வீட்டு முற்றத்தைச் செண்பகவல்லிதான் பெருக்கினாள். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை. நடுவில் பூ கொட்டினால் தபால் அலுவலகத்துக்கே போன் வரும். கவுண்டரில் வரிசை நிற்க, "சரி சார், சாயங்காலம் வந்து பெருக்கறேன் சார்" என்று அவள் சொல்வதைக் கேட்டு மணியார்டர் அனுப்ப வந்தவர்கள் சிரிப்பார்கள்.

இந்தப் பங்குனியில் அவளுக்கு வெறுத்துப்போயிற்று. சங்கக் கூட்டத்தில் எழுந்து, 'ஆவணி முடிவதற்குள் இந்த மரத்தை வெட்டிவிடுவதாகக் கோதண்டம் அவர்களுக்கு உறுதி சொல்கிறேன்' என்று அதே புத்தகத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"அப்ப நான் எங்க படுக்கறது?" என்றான் தனபால்.

"போஸ்ட் ஆபீஸ்ல வந்து படுங்க. அங்க ஃபேன் இருக்கு" என்றாள்.

மரம் போனதும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பலாம் என்று கோதண்டம் ஆனியிலேயே சர்வேயரைக் கூட்டி வந்து அளந்தார். கம்பிவேலி தப்பான இடத்தில் போட்டிருந்தது. உண்மையான எல்லை செண்பகவல்லியின் பக்கம் மூன்றடி தள்ளி ஓடியது. மரம் முழுக்கக் கோதண்டத்தின் மனைக்குள் இருந்தது.

மறுநாளே அந்த மரத்தின் அருமை அவருக்குத் தெரிந்துவிட்டது. சுவரைப் புதிய எல்லையில் கட்டினார். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். "நம்ம மரம். ஏசியெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது" என்று வருகிறவர்களிடம் சொன்னார்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்தது. பழுத்த இலையும் குச்சியும் சுவரைத் தாண்டி செண்பகவல்லியின் வீட்டோரச் சந்து நிறையக் கொட்டின. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவள் போய்ச் சொன்னாள்.

"சார், உங்க மரத்து இலை என் வீட்ல கிடக்கு."

"காத்துல வருது மேடம். காத்தை நான் பிடிச்சு வைக்க முடியுமா? அதுவுமில்லாம நட்டது நீங்கதானே."

அவள் வீட்டுக்கு வந்து, அந்த இலைகளையும் தானே பெருக்கினாள். பெருக்கப் பெருக்க ஆத்திரம் ஏறியது.

ஆவணி கடைசி நாள் காலையில், இயந்திர ரம்பத்தோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு கோதண்டத்தின் கேட்டில் நின்றாள்.

"எழுதிக் கொடுத்திருக்கேன் சார். இன்னிக்குத்தான் கெடு. சொன்ன சொல் தப்ப மாட்டேன்."

"என் மரத்துல கை வைக்க நீங்க யாரு?"

"உங்க மரம்னா இலையை அள்ளுங்க. என் மரம்னா வெட்ட விடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"மரம் என்னுது. இலை நட்டவங்களுது" என்றார் கோதண்டம், கொஞ்சமும் கூசாமல்.

ரம்பக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சங்கச் செயலாளர் ஹபீப் பாயை அவருடைய ஹார்டுவேர் கடையிலிருந்து கூட்டி வந்தார்கள். மினிட் புத்தகமும் வந்தது.

இப்போது சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த வாக்குப்படி செண்பகவல்லி மரத்தை வெட்டலாமா? கூடாதென்றால், அவள் சந்தில் விழும் இலையை அள்ள வேண்டியவர் யார்?

விடை: ஹபீப் பாய் இரண்டு பக்கங்களையும் படித்தார். வாக்கு கோதண்டத்துக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கியவரே வேண்டாம் என்று தடுத்த கணத்தில் அந்த வாக்கு தீர்ந்துவிட்டது. மரம் நிற்கட்டும் என்றார். இலை விஷயத்தில் காற்றையோ நட்டவரையோ புத்தகம் கேட்கவில்லை, மரத்தின் சொந்தக்காரரைத்தான் கேட்கிறது. அதை எழுதியது கோதண்டத்தின் கையே. ஆகவே அவர்தான் அள்ள வேண்டும். அதன்படியே நடக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குக் கோதண்டம் துடைப்பத்தோடு செண்பகவல்லியின் சந்துக்குள் வந்துவிடுகிறார். பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்; குழாய் சொட்டுவதையும், செருப்பு தாறுமாறாகக் கிடப்பதையும், ஷிப்ட் முடிந்து வரும் தனபால் வண்டி நிறுத்துகிற கோணத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டே பெருக்குகிறார். வழக்கில் ஜெயித்த செண்பகவல்லி சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எத்தனை மணிக்குப் போவார் என்று காத்திருக்கிறாள்.