சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல்

நெடுங்கரை நாடு என்று ஒரு நாடு, அதற்கு வலங்கைமுத்து ராசா என்று ஒரு ராசா. எப்போதோ நடந்தது, கணக்கெல்லாம் கேட்கக் கூடாது. காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு, அப்பேர்ப்பட்ட ராசா அவர்.

அவருடைய சபையில் கொழுந்துக் கவிராயர்தான் பெரிய புலவர். ராசாவின் மீசையைப் பற்றி நூறு பாட்டு எழுதி, அரங்கேற்ற நாள் குறித்து, பட்டு அங்கவஸ்திரமும் வாங்கி வைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து ராசா சபைக்கே வரவில்லை. எங்கே போனார் என்றால், பழைய யானைக் கொட்டாரத்துக்கு. அங்கே ஆவுடையாள் என்ற இளவயசுப் பெண் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு வாசிக்கவும் கட்டவும் சொல்லிக்கொடுத்தாள். ஏற்றப்பாட்டு, தாலாட்டு, விடுகதை, வெண்பா, எல்லாம் உண்டு. பல்லக்கில் போன ராசா பிள்ளைகள் சத்தம் கேட்டு இறங்கியவர், பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை.

கவிராயருக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, திகுதிகுவென்று எரிந்தது. "யானை கட்டின இடத்தில் வெண்பாவா? அதையும் பார்த்துவிடுகிறேன்" என்று மறுநாளே முக்காடு போட்டுக்கொண்டு கொட்டாரத்தின் பின்சுவர் ஓரம் போய் நின்றார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனார். ஆனால் பாழாய்ப்போன தொண்டை! பிள்ளைகள் பாட்டில் ஓர் அடி சறுக்கினால் போதும், அவரை அறியாமல் "ம்க்கும்" என்று செருமிவிடும். உள்ளே ஒரு நொடி சத்தம் நிற்கும். அடுத்து அதே அடி சரியாக வரும். "அதற்குள் திருத்திவிட்டாளே பாதகத்தி" என்று அவருக்கு எரிச்சல் இரட்டிப்பாகும். அதற்காகவே மறுநாளும் போவார். இப்படியே ஆறு மாசம் போனார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் சபையில் எழுந்தார். "மகாராசா, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வையுங்கள். எந்த வகைப் பாட்டானாலும் அதன் வேலையைச் செய்ய வேண்டும். தாலாட்டு தூங்க வைக்கணும், இரங்கற்பாட்டு அழ வைக்கணும். தோற்றால் கொட்டாரத்தை மூடிவிட்டு அந்த அம்மாள் ஊரை விட்டுப் போகட்டும்."

ராசாவுக்கு வேடிக்கை என்றால் சோறு வேண்டாம். "ஆகட்டும்" என்றார்.

அன்றோடு கவிராயர் பின்சுவர்ப் பக்கம் போவதையும் நிறுத்திக்கொண்டார். பரீட்சை நாள் வந்தது. ஒரு பிள்ளை தாலாட்டுப் பாடியது, ராசா கண் சொக்கினார். "அவர் என் பாட்டுக்கும்தான் தூங்குவார், அது சேராது" என்றார் கவிராயர். இன்னொரு பிள்ளை வெண்பா சொன்னது, தளை தட்டவே இல்லை. "நாலு அடி இருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். அப்புறம் மெதுவாகச் சிரித்துக்கொண்டு, "எங்கே, ஓர் இரங்கற்பாட்டு வரட்டும். இந்த ஊரில் இப்போதைக்கு யாரும் சாகவில்லை, அது உங்கள் பாடு" என்றார்.

ஆவுடையாள் கும்பிட்டாள். "மகாராசா, வேறு யார் அழுதாலும் கவிராயர் ஐயா ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் ஐயாவே தீர்ப்புச் சொல்லட்டும். அவர் கண் கலங்காவிட்டால் நான் இப்படியே கிளம்புகிறேன். யாரைப் பாடலாம் என்று மட்டும் உத்தரவு வேணும்."

ராசா அவசரமாக மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்னை விட்டுவிட்டு யாரை வேணும்னாலும் பாடுங்கள்."

கவிராயருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெங்காயம் உரித்தாலும் கலங்காத கண் அவருக்கு. ஜெயித்தாகிவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செக்காட்டுகிறவர் மகள் சிட்டம்மை முன்னால் வந்தாள். எட்டு வயசு இருக்கும். நேராகக் கவிராயரைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

"சுவத்துக்கு அந்தாண்டை நின்ன ஐயா
சொல்லாமப் போனது எந்தப் பக்கம்?
தவறின வரியைத் திருத்தித் தந்த
செருமலைக் காணாம எங்க துக்கம்.
முக்காடு போட்டு மறைச்ச மொகத்தை
மொத்தமா ஒருநாளும் பாக்கலையே,
பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிப்
பாவிக நாங்களும் கேக்கலையே."

கவிராயருக்குக் காது அடைத்தது. இவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷத்தில் அவர் இல்லையே என்று ஒருத்தர் ஏங்கினதாக அவர் கேட்டதே இல்லை. ராசா கூடக் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார்.

சிட்டம்மை கடைசி இரண்டு அடிக்கு வந்தாள்.

"இனிமே சறுக்கினா யாரு செரும,
எங்க பாட்டையெல்லாம் இனிமேல் வந்து யாரு தூக்கி நிறுத்தித் தேத்த?"

"ம்க்கும்."

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கவிராயர் வாயைப் பொத்திக்கொண்டார். சிட்டம்மை சட்டென்று மாற்றினாள்:

"எங்க பாட்டை இனி யாரு தேத்த?"

அவ்வளவுதான். கவிராயரின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று வழிந்து பட்டு அங்கவஸ்திரம் நனைந்தது.

ராசா சிரித்துச் சிரித்துச் சிம்மாசனத்தில் சரிந்தார். "ஆவுடையாளம்மா, அந்தக் கடைசி அடி தவறியதா, தவற விட்டதா?"

"ஆறு மாசமாக இலவசமாகத் திருத்திக் கொடுத்த வாத்தியாரை வேறு எப்படித்தான் வெளியே வரவழைப்பது, மகாராசா?"

ராசா தம் கழுத்து முத்துமாலையை ஆவுடையாளுக்குக் கொடுத்தார். கொட்டாரத்துக்குப் புது ஓலைக்கூரை போடச் சொன்னார். கவிராயரைப் பார்த்து, "ஓய், பொறாமைப்பட்டுக்கொண்டே பாடம் நடத்தின ஒரே ஆள் நீர்தான். நாளையிலிருந்து முன்வாசல் வழியாகப் போய் நடத்தும். மீசை நூறு அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் முக்காடு இல்லாமல் கவிராயர் கொட்டாரத்துக்குப் போனார். பிள்ளைகள் பாய் விரித்து வைத்திருந்தார்கள். அவர் உட்காரவில்லை. சிட்டம்மையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பாட்டு யார் கட்டினது?"

"நான்தான் ஐயா."

"ஆவுடையாளுக்கும் இப்படி ஒண்ணு கட்டி வைத்திருக்கிறாயா?"

"இல்லை ஐயா. உங்களுக்கு மட்டும்தான்."

அதற்கப்புறம்தான் கவிராயர் உட்கார்ந்தார்.