குறடு பிடித்த சேனாதிபதி

வெகுகாலத்துக்கு முன்னால் நெல்லிவனம் என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் சூரகேசரி மகாராஜா. அவனுக்குக் கோபம் வந்தால் தலை போகும், குஷி வந்தால் பதவி கிடைக்கும். எது எப்போது வரும் என்று அரண்மனையில் ஒருவருக்கும் தெரியாது.

ஓர் ஐப்பசி மாதம், ஆற்றுக்கு வடகரையை ஆண்ட ராஜா தன் மகள் கல்யாணத்துக்கு இவனை அழைக்க மறந்துவிட்டான். அவ்வளவுதான். “படை கிளம்பட்டும்!” என்றான் சூரகேசரி.

முப்பது வருஷம் எல்லையைக் காத்த சேனாதிபதி காரியார் எழுந்து நின்றார். “மகாராஜா, இது அடைமழைக் காலம். வடகரை முழுக்க இடுப்பளவு சேறு. குதிரை இறங்கினால் ஏறாது. சண்டை போட்டே தீர வேண்டுமென்றால் தை வரைக்கும் பொறுங்கள்.”

“நான் போ என்கிறேன், நீர் பொறு என்கிறீரா?”

பக்கத்தில் ராணியின் தம்பி விடங்கராயன் உட்கார்ந்திருந்தான். காரியாரைப் பார்த்தாலே அவனுக்கு வயிறு எரியும். “அத்தான், உங்கள் பெயரைச் சொன்னாலே சேறு கல்லாக இறுகிவிடாதா? கிழவருக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டது” என்றான்.

ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அந்த நிமிஷமே காரியாரை யானைக் கொட்டடிக்கு அனுப்பினான். விடங்கராயன் சேனாதிபதி ஆனான். அவன் வாளை உறையிலிருந்து எடுப்பது ஆயுத பூஜை அன்று மட்டும். அவனுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: சொக்கட்டான் ஆட்டத்தில் ராஜாவிடம் தோற்பது. படைக்குச் சாப்பாடு அனுப்பும் அதிகாரம், ராஜாவின் மீசையைப் பற்றி நூறு பாட்டுப் பாடிய புலவருக்குக் கிடைத்தது. அவர் அனுப்பிய முதல் வண்டிகளில் வெற்றி மாலைகள் போயின. பின்னால் போன அரிசி மழையில் நனைந்து முளைவிட்டிருந்தது.

என்ன நடந்திருக்கும்? ஆயிரத்து நானூறு பேர் திரும்பி வரவில்லை. பாதிப்பேருக்கு எதிரியின் முகம்கூடத் தெரியாது. சேற்றில் புதைந்து நின்றவர்களை வடகரைக்காரர்கள் மேட்டிலிருந்து அம்பெய்து கொன்றார்கள். சேனாதிபதி தென்கரையில் பல்லக்கில் இருந்தான். திரும்பி வந்து, “எதிரியை ஆழம் பார்த்துவிட்டோம் மகாராஜா! அடுத்த முறை வெற்றிதான்” என்றான். ராஜா அவனுக்கு வீரக்கழல் பூட்டினான். நாளை மறுநாள் மீண்டும் படையெடுப்பு என்று முரசு அறைந்தார்கள்.

இந்த நேரத்தில் ராஜாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி எடுத்தது. கன்னம் வீங்கிவிட்டது. சபையிலேயே அரண்மனை வைத்தியச்சி சிலம்பாயியை அழைத்தார்கள். காயம்பட்டு வந்தவர்களுக்கு அத்தனை நாளும் கட்டுப்போட்டவள் அவள். சேற்றில் செத்தவர்களில் அவளுடைய தம்பி மாடலனும் ஒருவன்.

அவள் ராஜாவின் வாயைப் பார்த்தாள். “சொத்தைப் பல். பிடுங்கித்தான் ஆக வேண்டும்” என்று சொல்லிக் குறடை எடுத்தாள். எடுத்து விடங்கராயனிடம் நீட்டினாள். “சேனாதிபதி பிடுங்கட்டும்.”

சபை திகைத்தது. “இது என்ன விளையாட்டு?” என்றான் ராஜா.

“விளையாட்டில்லை மகாராஜா. எனக்கு இருபது வருஷப் பழக்கம் இருக்கிறது, அது போதுமா? உங்கள்மேல் அதிக விசுவாசம் உள்ளவருக்குத்தானே பெரிய வேலை? அவரைவிட விசுவாசி யார்?”

எல்லோரும் பார்க்கிறார்களே, முடியாது என்று எப்படிச் சொல்வது? “என்னால் ஆகாதது உண்டா!” என்று விடங்கராயன் குறடை வாங்கினான். ராஜாவின் வாய்க்குள் விட்டு ஒரு பல்லைப் பிடித்துத் திருகினான்.

“ஐயோ!” ராஜா அவனை எட்டி உதைத்தான். “அது நல்ல பல்லடா, பாவி!”

“அத்தான், தங்கள் பற்கள் எல்லாமே முத்து. அதில் சொத்தை எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

“இவன் இதற்குமுன் எத்தனை பல் பிடுங்கியிருக்கிறான்?” என்று கத்தினான் ராஜா.

“ஒன்றுகூட இல்லை” என்றாள் சிலம்பாயி. “எத்தனை போர் நடத்தியிருந்தார், மகாராஜா?”

ராஜாவின் கை வாளுக்குப் போனது. சிலம்பாயி நகரவில்லை.

“வெட்டுங்கள். ஆனால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஒரு பல்லுக்கு இப்படித் துடிக்கிறீர்களே, ஆயிரத்து நானூறு பேரை இதே கையில் கொடுத்தீர்களே! பூமாலை அனுப்பினீர்களே, காயம்பட்டு வந்தவர்கள் வேரும் புல்லுமாக வாந்தி எடுத்தார்கள். சேற்றைச் சேறு என்று சொன்ன மனிதர் யானைச் சாணம் அள்ளுகிறார். சேறு கல்லாகும் என்றவர் காலில் கழல்! சேனாதிபதிக்குப் போர் தெரியாதது அவர் குற்றமாகவே இருக்கட்டும். அவரைப் பொறுக்கி எடுத்தது யார் குற்றம்?”

ராஜாவின் கை வாளிலிருந்து நழுவியது. விடங்கராயனிடமிருந்து குறடை வாங்கி அவளிடம் நீட்டினான். “நீயே பிடுங்கு” என்றான்.

ஒரே இழுப்பு. பல் தட்டில் விழுந்தது.

வாயைக் கொப்பளித்ததும் ராஜா முதலில் படையெடுப்பை நிறுத்தினான். காரியாரைத் தானே போய்க் கொட்டடியிலிருந்து அழைத்து வந்தான். அவர் வெள்ளைக்கொடியோடு வடகரைக்குப் போய்ச் சமாதானம் பேசினார். புலவரின் அதிகாரம் அன்றே பறிபோனது. விடங்கராயனின் காலிலிருந்து கழலைக் கழற்றச் சொன்னான் ராஜா. “ஆயிரத்து நானூறு வீட்டுக்கும் நடந்தே போ. அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல். ஒரு பொய் கலந்தாலும் எனக்குத் தெரியவரும்.”

சிலம்பாயியிடம், “உனக்கு என்ன வேண்டும், கேள்” என்றான்.

“என் தம்பி வீட்டுக்கு மட்டும் அவர் வேண்டாம். நீங்கள் வாருங்கள்.”

மறுநாள் காலை, வீங்கிய கன்னத்தோடு, குடையும் சாமரமும் இல்லாமல், சூரகேசரி அந்தத் தெருவுக்கு நடந்து போனான். மாடலனின் மனைவி உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். ராஜாவைப் பார்த்தும் உலக்கையை நிறுத்தவில்லை.

“யார் சொல்லி என் புருஷன் அந்தச் சேற்றில் இறங்கினான்?” என்று கேட்டாள்.

பதில் எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

“நான்தான் சொன்னேன், அம்மா” என்றான் ராஜா.