இரண்டாவது குப்பி

துப்பாக்கி வாயில் சிறு குப்பியால் அளந்த வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுட்ட காலம் அது. மலையூர் ஒன்றில் பொம்மி என்ற வேட்டைக்காரி இருந்தாள். மாதையன் அவளிடம் வேட்டை கற்று வந்தான். வயதில் அவன்தான் மூத்தவன். ஆனாலும் அவளை அக்கா என்றே அழைத்தான்.

ஒருநாள் ஓடைக்கு இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் மேய்ந்த மானைச் சுட்டான். குண்டு பின்காலில் பட்டது. மான் நொண்டிக்கொண்டே புதருக்குள் மறைந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். காயப்பட்ட மானைச் சுட்டவன்தான் தேடி முடிக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு குண்டு. அதுவும் தவறினால் துப்பாக்கியைக் கோயிலில் ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு அவன் வேட்டைக்காரன் இல்லை.

மாதையன் பொம்மியிடம் வந்தான்.

“துப்பாக்கியக் குடுக்க மாட்டேன்க்கா. அந்த மானையும் வலியோட விட மாட்டேன்.”

“சரி. என்ன செய்யப் போற?”

“குண்டுக்கு வேகம் பத்தல. ஒரு குப்பி மருந்துக்கு ரெண்டு குப்பியாப் போடப் போறேன். அந்தக் கரை என்ன, அடுத்த மலையில நின்னாலும் விழும்.”

“யாரு? மானா, நீயா?”

அவன் சிரிக்கவில்லை. பொம்மி கையை நீட்டினாள்.

“உன் துண்டைக் குடு.”

“புதுசுக்கா.”

“அதான் கேக்குறேன். வெள்ளையா இருக்கு.”

தரையில் துண்டை விரித்தாள். துப்பாக்கியின் வாய் துண்டுக்கு மேலே இருக்கும்படி அவனை நிறுத்தினாள். எதிரே ஒரு மரம் விழுந்து கிடந்தது.

“மொதல்ல ஒரு குப்பி.”

சுட்டான். குண்டு மரத்தின் நடுவில் இறங்கியது. பொம்மி அந்தத் துளைக்குள் ஒரு புல் தண்டை விட்டு, ஆழம் பார்த்து முறித்துக்கொண்டாள். துண்டில் கொஞ்சம் கரிதான் படிந்திருந்தது. உதறி மறுபடி விரித்தாள்.

“இப்ப உன் ரெண்டு குப்பி.”

சுட்டான். துப்பாக்கி தோளில் இடித்த இடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நடுவைக் குறிபார்த்த குண்டு ஓரத்தில் இறங்கியிருந்தது. பொம்மி அதே தண்டை இந்தத் துளைக்குள் விட்டாள். ஒரு நகத்தளவு கூடுதலாகப் போனது.

“இவ்வளவுதானா?” என்றான் தோளைப் பிடித்துக்கொண்டு.

“துண்டைப் பாரு.”

கடுகு சிந்தியதுபோல் துண்டு முழுக்கக் கறுப்பு மணிகள். தொட்டுப் பார்த்தான்.

“மருந்துக்கா! எரியவே இல்ல!”

“குழல் நீளம் அவ்வளவுதான். அதுக்குள்ள எரிஞ்சதுதான் குண்டைத் தள்ளும்.”

“அப்ப இன்னும் வேகம் வேணும்னா நான் எங்க போறது?”

பொம்மி துண்டை உதறி அவன் தோளில் போட்டாள். வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் விடியலில் மாதையன் ஒரே ஒரு குப்பி மருந்து போட்டான். ஓடையில் இறங்கினான். துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அந்தக் கரை ஏறினான். எதிர்காற்று பார்த்து, பாறைமேல் முழங்காலால் ஊர்ந்தான். தூரத்தில் மான் தெரிந்தது. சுடவில்லை. மான் தலை தூக்கியபோதெல்லாம் கல்லாகக் கிடந்தான். கையில் எறும்பு கடித்தது. அசையவில்லை. மான் குனிந்ததும் மறுபடி ஊர்ந்தான். அதன் காயத்தில் மொய்த்த ஈக்கள் கண்ணுக்குத் தெரியும்வரை ஊர்ந்தான்.

பிறகு சுட்டான். மான் முன்கால்களை மடித்துப் படுத்தது. மறுபடி அசையவில்லை.

மானைச் சுமந்துகொண்டு பொம்மியின் வாசலில் வந்து நின்றான். அவள் மானைப் பார்க்கவில்லை.

“எத்தனை குப்பி போட்ட?”

“ஒண்ணுதான்க்கா.”

“ரெண்டாவது?”

“போடலியே.”

பொம்மி குனிந்து, தோல் உரிந்து ரத்தம் கசிந்த அவன் முழங்காலைத் தொட்டாள்.

“இங்க போட்டிருக்க.”