கடிதம் தின்ற கிடா

அந்தக் காலத்தில் ஆடுகளுக்குப் பேச்சு வரும். மாட்டுக்கும் கோழிக்கும்கூட வந்ததுதான். ஆனால் அவை தேவைக்குப் பேசும். ஆடுகள்தான் ஓயாமல் பேசின. தழை வாடிவிட்டது, கயிறு குட்டை, வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று பொழுது முழுக்கக் குறை சொல்லிக்கொண்டிருக்கும். கண்டதையும் தின்னும் அந்த ஆடுகள் ஒன்றை மட்டும் தொட்டதில்லை. அது காகிதம். காகிதத்தில் இருப்பது மனிதர்களின் பேச்சு என்று அவற்றுக்குத் தெரியும். அடுத்தவர் பேச்சை யாராவது தின்பார்களா?

அப்போது சிப்பித்துறை என்ற கடற்கரை ஊரில் கயத்தான் என்பவரும் அவர் மனைவி அமலோற்பவமும் இருந்தார்கள். கயத்தான் தோணிகளுக்குப் பாய் தைப்பவர். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். மூத்தவன் தொபியாஸ் போலந்தில் கப்பல் கட்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஹெலேனா என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். நடுவுள்ளவன் லெயோன் மணிலாத் துறைமுகத்தில் இருந்தான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கடைசி மகள் சலேத் எத்தியோப்பியாவில் டீச்சர். அவள் கணவன் தெஸ்பாயேயும் அதே பள்ளிக்கூடத்து வாத்தியார்.

எட்டு வருஷமாக ஒருத்தரும் ஊருக்கு வரவில்லை. வந்ததெல்லாம் கடிதம்தான். அமலோற்பவத்துக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு, முற்றத்துப் பூவரச மரத்தடியில் கயத்தான் தகரப் பெட்டியைத் திறந்து பழைய கடிதங்களை எடுத்துப் படிப்பார். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். எந்தக் கடிதம் யாருடையது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். எல்லாவற்றுக்கும் அடியில் லெயோனின் முதல் கடிதம் இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் சுருங்கிப்போன அந்தக் காகிதத்தில் மூன்றே வரிகள். வந்து சேர்ந்தேன், கப்பலில் வாந்தி, இங்கேயும் சோறு கிடைக்கிறது.

அந்த வருஷம் பங்குனியில், கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்று மூவரும் எழுதினார்கள். அமலோற்பவம் அன்றைக்கே போய் ஒரு கிடாக்குட்டி வாங்கிவந்து பூவரச மரத்தில் கட்டினாள். பிறப்புப் பூசை முடிந்து விடிந்ததும் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு மணக்காவிட்டால் அந்தக் கரையில் அது கிறிஸ்துமஸே இல்லை. வெட்டப்போகிற கிடா என்பதால் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. கிடாவுக்கும் விஷயம் தெரியும். ஆடுகள் அதை மழைக்காலம் வருவதுபோல ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. எப்போது என்று தெரிந்தால் போதும், மிச்ச நாளை நிம்மதியாகத் தின்று கழித்துவிடும்.

அந்த நிம்மதி வைகாசியில் போயிற்று. தொபியாஸ் எழுதியிருந்தான்: போலந்தில் கிறிஸ்துமஸ் என்றால் இருபத்துநான்காம் தேதி சாயங்காலம்தான். வானத்தில் முதல் வெள்ளி தெரிந்ததும் உட்கார வேண்டும். பன்னிரண்டு பதார்த்தம் இருக்க வேண்டும். அன்றைக்கு இறைச்சி ஆகாது. விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்ப வேண்டும். யாருக்கும் இல்லாத ஒரு தட்டு காலியாக வைக்க வேண்டும். ஹெலேனாவுக்காக இந்த ஒரு தடவை அப்படிச் செய்வோம்.

அமலோற்பவம் கணவனிடம், உன் இஷ்டம்போல மக்கா என்று பதில் போடச் சொன்னாள்.

ஆனியில் லெயோன் கடிதம் வந்தது. மணிலாவில் ஒன்பது நாள் விடியுமுன் பூசைக்குப் போவார்களாம். வீட்டு வாசலில் நட்சத்திர விளக்குக் கட்டுவார்களாம். இருபத்துநான்காம் தேதி பூசை முடிந்த பிறகுதான் விருந்து. அதற்கு முன் சாப்பிட உட்காருவது கிறிஸ்துமஸே இல்லையாம். அதற்கும் உன் இஷ்டம்போல மக்கா என்று பதில் போயிற்று.

ஆவணியில் சலேத் எழுதினாள். எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி. அதுவரைக்கும் தெஸ்பாயே நோன்பு. கறி, பால், நெய் எதுவும் தொடமாட்டார். எல்லோருமே பொறுத்து ஏழாம் தேதி கொண்டாடினால் என்ன? இதற்கும் அதே பதில்தான்.

பிறகு கயத்தான் போட்ட பதில்களிலிருந்து ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்கே எழுதினார்கள். அண்ணன் பன்னிரண்டு பதார்த்தம் கேட்கிறானே, யார் சமைப்பது என்று லெயோன் எழுதினான். தம்பி சொல்கிறபடி பூசை முடியும்வரை பட்டினி கிடக்க முடியாது என்று தொபியாஸ் எழுதினான். இறைச்சி வேகிற வீட்டில் இருபத்துநான்காம் தேதி காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அவனே இன்னொரு கடிதம் போட்டான். தேதியே தப்பு என்று சலேத் எழுதினாள். கயத்தான் மரத்தடியில் உட்கார்ந்து உரக்கப் படிக்கப் படிக்க, கிடா கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கடிதத்தில் இருபத்துநான்காம் தேதியே வெட்டு. அடுத்ததில் வெட்டே இல்லை. அதற்கடுத்ததில் ஜனவரி. கிடாவுக்குத் தழை இறங்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு நாள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மூன்றாம் நாள் தொடங்கிவிட்டது.

தொபியாஸ் முன்கூட்டியே பழகிப் பார்ப்பதாகச் சொல்லிக் கிடாவின் வைக்கோலில் பாதியை அள்ளிச் சாப்பிட உட்காரும் பாய்க்கு அடியில் பரப்பினான். லெயோன் மூங்கில் சிம்பில் நட்சத்திரம் கட்டிப் பூவரசக் கிளையில் தொங்கவிட்டான். கடற்காற்றில் அது கிடாவின் தலைக்கு மேலே இரவும் பகலும் கடகடத்தது. சலேத் வந்து அதன் கழுத்தைத் தடவி, கவலைப்படாதே, ஏழாம் தேதிவரை உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யாருக்காகச் சண்டையோ அவர்கள் இரண்டு பேரும் அடுப்படியில் இருந்தார்கள். ஹெலேனாவும் தெஸ்பாயேயும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமல், நெய் சேராத முந்திரிக்கொத்தை ஒரே தட்டில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பதினைந்தாம் தேதி மத்தியானம் சண்டை உச்சத்துக்குப் போயிற்று. நாளை விடியுமுன் பூசைக்கு எல்லோரும் கிளம்ப வேண்டும் என்றான் லெயோன். அம்மா சம்மதித்த விஷயம் என்றான். தனக்குத்தான் சம்மதம் சொன்னார்கள் என்றான் தொபியாஸ். சலேத்தும் அதையே சொன்னாள். கயத்தான் பொறுமை இழந்து, தகரப் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து திறந்துவைத்தார். எது எந்த மாதம் வந்தது, எதற்கு என்ன பதில் போனது என்று அவர் ஓரத்தில் குறித்துவைத்திருந்தார்; ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மூவருக்கும் ஒரே பதில் போயிருந்தது வெளியே வந்தது.

மூவரும் அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்கள். “மூணு பேருக்கும் சரின்னு சொன்னா எப்படிம்மா?” என்றாள் சலேத்.

அமலோற்பவம் கையிலிருந்த குடத்தை இடுப்பில் வைத்தாள். “எட்டு வருஷம் கழிச்சு வாரோம்னு எழுதுறீங்க. வேண்டாம்னு பதில் போடச் சொல்லுவேனா?” என்றாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

தொபியாஸ் கடற்கரைப் பக்கம் போனான். லெயோன் கோயில் பக்கம் போனான். சலேத் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்டி திறந்தபடி கிடந்தது.

கிடா கயத்தானிடம் கேட்டது. “அண்ணாச்சி, என்னைக்கு வெட்டுவீங்கன்னு ஒரே ஒரு தேதி சொல்லுங்க. ஏழு மாசமா கேக்கேன்.”

“எனக்கே தெரியலை” என்று சொல்லிவிட்டு அவரும் பாய் தைக்கும் கொட்டகைக்கு எழுந்து போனார்.

கிடா கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்தது. இந்த வீட்டின் சண்டை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது என்று அதற்குத் தோன்றியது. கயிற்றை இழுத்து, கழுத்து இறுக எட்டி, மேலே கிடந்த கடிதத்தைக் கவ்வியது. மை கசந்தது. விழுங்கிவிட்டு அடுத்ததைக் கவ்வியது. சண்டைக் கடிதங்களோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தது. ஆனால் ஆட்டுக்கு ஒரு காகிதமும் இன்னொரு காகிதமும் ஒன்றுதான். தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டே போயிற்று.

அமலோற்பவம் குடத்தோடு வந்தபோது, உப்புக்கறை பட்ட அந்த ஓரம் மட்டும் கிடாவின் வாயில் தெரிந்தது. அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாயைப் பிடிப்பதற்குள் அதுவும் உள்ளே போய்விட்டது.

அவள் கிடாவை அடிக்கவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். தகரம்தான் கையில் பட்டது. பிறகு கிடாவின் முன்னால் மண்டியிட்டாள். “நீதான் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டியே. உனக்குப் பாடமா இருக்குமே. லெயோன் முதல்ல எழுதினது என்ன? சொல்லு” என்றாள்.

கிடாவுக்கு எல்லாம் பாடம்தான். வந்து சேர்ந்தேன் என்பதிலிருந்து கடைசிவரை தெரியும். அதைச் சொல்லவும், அதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கவும் வாயைத் திறந்தது. காகிதமும் மையும் தொண்டையில் ஊறி அடைத்திருந்தன. “மே” என்றது. மறுபடி திறந்தது. “மே” என்றுதான் வந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் அது முயன்று பார்த்தது. அதற்குமேல் வரவேயில்லை.

பிள்ளைகள் திரும்பிவந்தபோது அடுப்பு எரியவில்லை. அம்மா மரத்தடியில் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கயத்தான் சொன்னார். லெயோன் கத்தியை எடுத்துவரப் போனான். இப்போதே வெட்டிவிடுகிறேன், எந்தத் தேதியும் வேண்டாம் என்றான்.

அமலோற்பவம் அவன் கையைப் பிடித்தாள். “எட்டு வருஷமா நீங்க எழுதினதெல்லாம் இது வயித்துக்குள்ள கிடக்கு. இதை வெட்டி நான் குழம்பு வைக்கவா?”

அவள் மூவரையும் எதிரே உட்காரச் சொன்னாள். என்ன எழுதினீர்களோ அதை என் முகத்தைப் பார்த்து வாயால் சொல்லுங்கள் என்றாள்.

தொபியாஸ் தொடங்கினான். காலெடுத்து வைக்கமாட்டேன் என்று எழுதினவனுக்கு அந்த வரி வாயில் வரவில்லை. போன குளிர்காலத்தில் ஹெலேனாவின் அப்பா இறந்துபோனார், அந்தக் காலித் தட்டு இந்த வருஷம் அவருக்கு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றான். லெயோனும் தேதியைப் பற்றிச் சொல்லவில்லை. மணிலாவுக்குப் போன முதல் டிசம்பரில் ஒருவரையும் தெரியாமல் அறையில் படுத்துக் கிடந்தானாம். வீட்டுக்காரம்மாள் விடியுமுன் எழுப்பிப் பூசைக்குக் கூட்டிப்போய், கோயில் வாசலில் மூங்கில் குழாயில் அவித்த புட்டு வாங்கிக் கொடுத்தாளாம். நம்ம ஊர்ப் புட்டு மாதிரியே இருந்தது, அதனால்தான் என்றான். சலேத் கடைசியாகப் பேசினாள். நாமெல்லாம் கறி சாப்பிடும்போது அவர் மட்டும் வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருப்பாரே என்றுதான் எழுதினேன் என்றாள்.

“இதை எழுத வேண்டியதுதானே?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

அந்த வருஷம் அவள் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் விடியுமுன் எல்லோரையும் எழுப்பிப் பூசைக்குக் கூட்டிப்போனாள். வந்து குழாய்ப்புட்டு அவித்தாள். இருபத்துநான்காம் தேதி முதல் வெள்ளி தெரிந்ததும் எல்லா இலைகளோடும் ஆளில்லாத ஓர் இலை போட்டாள்; ஹெலேனா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு பதார்த்தமும் இருந்தன. கறியோ நெய்யோ எதிலும் இல்லை. ஜனவரி ஏழாம் தேதி தெஸ்பாயே நோன்பு முடித்தபோது மீண்டும் ஒரு விருந்து. ஆக, அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் இருபத்துமூன்று நாள் நடந்தது. அத்தனை நாளும் அண்ணனும் தம்பியும், வெள்ளி தெரிந்த பிறகு விளக்கை ஏற்றுவதா, அதற்கு முன்பே ஏற்றுவதா என்று சண்டை போட்டார்கள். அவர்கள் கப்பலேறுகிற அன்று அமலோற்பவம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் நான் உங்கள் வீடுகளுக்கு வருகிறேன், நீங்கள் சமையுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

கிடாவை யாரும் வெட்டவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, ஈஸ்டர் போயிற்று, ஊர்க்கோயில் திருவிழாவும் போயிற்று. அது பூவரச மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள மற்ற ஆடுகளுக்கு இது பெரிய ஆச்சரியம். எப்படித் தப்பினாய் என்று வந்து வந்து கேட்டன. கிடா நடந்ததை எல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தது. “மே” என்றது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல், ஆடுகள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து முடிவு செய்தன. அது ஒரு தாய் பொத்திவைத்த காகிதத்தைத் தின்றது. அதனால் கத்தி வரவில்லை. உடனே அவையும் போய்க் கிடைத்த காகிதத்தைத் தின்றன. தின்ற ஆடுகளுக்கெல்லாம் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றது.

அன்று முதல்தான் ஆடுகளுக்கு “மே” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பண்டிகை நெருங்க நெருங்க, தெருச் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தை அவை அவ்வளவு அவசரமாகக் கிழித்துத் தின்பதும் அன்று முதல்தான். யாரோ ஒரு தாய்க்கு வேண்டிய எழுத்து அதில் ஒன்றிலாவது இருக்கும், அப்போது கத்தி வராது என்று அவை இன்னும் நம்புகின்றன.