கொட்டை தின்னாத அதிகாரி

வடக்கே, பனி கொட்டும் பைன் காடு ஒன்றைக் கரடி ராஜா ஆண்டுவந்தது. முதல் பனி விழுந்ததும் குகைக்குள் போய்ப் படுத்தால், பனி உருகும்போதுதான் எழுந்திருக்கும். அதுவரை யாரும் யாரிடமும் போய் முறையிட முடியாது.

அந்தக் காட்டு அணில்கள் தாங்கள் பொறுக்கிய கொட்டைகளையெல்லாம் பெரிய மரப்பொந்து ஒன்றில் பொதுவாகப் போட்டு வைக்கும். குளிர் வந்ததும் எடுத்துத் தின்னும். பொந்துக்கு யாரை அதிகாரியாகப் போடலாம் என்று ராஜா கேட்டபோது, வர்லாம் என்ற நரியைத்தான் அணில்கள் கேட்டு வாங்கின. நரி கொட்டை தின்னாதே, தின்னாதவன் எதற்குத் திருடப்போகிறான் என்று நினைத்தன. என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்!

நடுக்குளிரில் தூன்யா என்ற அணில் தன் இரண்டு குட்டிகளுக்காகப் பொந்துக்குப் போனது. மேலே ஒரு கைப்பிடி கொட்டை. அடியில் முழுக்கச் சருகு. பனியில் சிந்திக் கிடந்த கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனால், அந்தத் தடம் வர்லாமின் வளையில் போய் முடிந்தது. வாசலில் கொட்டைகள் இறைந்து கிடந்தன. காட்டுக்கோழிகள் கொத்திக் கொத்திக் கொழுத்திருந்தன. சற்றுத் தள்ளி இறகுகள் குவிந்து கிடந்தன.

தூன்யாவுக்கு எல்லாம் விளங்கியது. யாரிடம் சொல்வது? ராஜா தூங்குகிறது. மரப்பட்டையைக் கடித்துக் கடித்து ஒரு குட்டி பிழைத்தது. சின்னது பிழைக்கவில்லை.

பனி உருகியது. ராஜா எழுந்த அன்று காலையிலேயே தூன்யா குகை வாசலில் நின்று, வயிறெரிந்து எல்லாவற்றையும் சொன்னது. இனியொரு குளிருக்கு அந்த நரி பொந்துப்பக்கம் வரக்கூடாது, மிச்சமிருக்கும் குட்டியாவது பிழைக்கட்டும் என்று அழுதது.

ராஜா வர்லாமைக் கூப்பிட்டு, கொட்டை தின்றாயா என்று கேட்டது.

"என் பல்லைப் பாருங்கள், மகாராஜா. கொட்டை உடைக்கிற பல்லா இது?"

"கொட்டையைக் கோழிக்குப் போட்டது, மகாராஜா. கோழியை இது தின்றது" என்றது தூன்யா.

"அப்படியானால் கோழிகள்தானே புகார் சொல்ல வேண்டும்? வரச்சொல்" என்றது ராஜா.

எங்கே போய் வரச்சொல்வது? காட்டில் ஒரு கோழி மிச்சமில்லை. தூன்யா நிமிர்ந்து பார்த்தது. எழுந்ததும் எதையோ தின்றதுபோல, ராஜாவின் உதட்டில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது; வர்லாமின் வளையருகே குவிந்து கிடந்த அதே பழுப்பு நிறம்.

"மகாராஜா, உங்கள் வாயில் இறகு."

ராஜா நாக்கைச் சுழற்றி நக்கிக்கொண்டது.

"எந்த இறகு?"

கூடி நின்ற அணில்கள் எதையும் பார்க்கவில்லை என்று தலையாட்டின. அவற்றின் வீடுகளிலும் குட்டிகள் செத்திருந்தன. நல்ல அதிகாரிமீது பழி போட்ட குற்றத்துக்காகத் தூன்யாவைக் காட்டைவிட்டே போகச் சொன்னது ராஜா. அது குட்டியைக் கவ்விக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனது.

வர்லாமுக்குப் பதவி உயர்ந்தது. இனிக் காட்டில் யார் புகார் சொன்னாலும் அதனிடம்தான் சொல்ல வேண்டும். பொந்துக்கு ஓநாய் வந்தது. அதுவும் கொட்டை தின்னாது என்று அணில்கள் மறுபடி பொறுக்கப் போயின.

திருட்டில் பங்கு வாங்கியவனிடமே போய் நியாயம் கேட்டால், பறிகொடுத்தவர்தான் குற்றவாளி ஆவார்.